உறுதி முடிக்க முன் காய்ச்சிய பால்

என் இடத்தில் இப்போது வேலை பார்க்கிற நீங்கள், உட்கார்ந்து எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். உட்காருவதுதான் எனக்கு வராத வேலை. பொலிதேயாமா அரங்குக்குப் பின்னால் இருக்கிற நம் இரண்டு அறை வீட்டுத் தரகு அலுவலகத்தில் இருபத்தொரு வருடம் எனக்கென்று ஒரு கதிரை இருந்தது. அதில் என்னைவிட என் கைப்பைதான் அதிகம் இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. இதைக்கூடக் குசினி மேடையில் கொப்பியை வைத்து நின்றபடிதான் எழுதுகிறேன். நடுவில் அடுப்பைப் பார்க்கப் போவேன், பல்கனிக்குப் போவேன், வருவேன். எங்காவது பேச்சு தாவினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் எப்படி நிரப்புவது, எந்தக் கந்தோரில் எந்த யன்னல் என்பதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதில் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள், எல்லாம் கைத்தொலைபேசியில் வைத்திருக்கிறீர்கள். நான் எழுதுவது நான் செய்த ஒரு பிழையைப் பற்றி. நம் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை. அதைச் செய்தவர்கள் வீடு வாங்க வந்தவர்கள், தலையை ஆட்டியவள் நான்.

மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் இருந்து வந்து, இந்த இத்தாலிய ஊரில் படிக்கட்டுத் துடைத்து, வயதானவர்களைப் பார்த்து, உணவகக் குசினிகளில் நின்று சேர்த்த காசோடு நம் மேசைக்கு வருகிறார்கள். அந்தக் காசுக்கு ஒழுங்கான வீடு என்றால் பெரும்பாலும் கடனில் மாட்டின வீடுதான். அது இரண்டு வகை. ஒன்று, வங்கியின் கைக்கே வந்துவிட்ட வீடு. பழைய சொந்தக்காரர் போய்விட்டார். குழாய் இருக்காது, பூட்டு இருக்காது, போகிற கோபத்தில் கழிப்பறைக் கோப்பையைக்கூடக் கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள். சியாகுல்லிப் பக்கம் ஒரு வீட்டில் கதவுகள் எல்லாம் போய் நிலைகள் மட்டும் நின்றன. ஆனாலும் அங்கே கையெழுத்துப் போட ஒரே ஆள்தான், வங்கி. ஆமை வேகத்தில் நடக்கும், ஆனால் நடக்கும்.

மற்ற வகை, சொந்தக்காரர் இன்னும் உள்ளே குடியிருக்கிற வீடு. ஈட்டுக் கடனைக் கட்ட முடியாமல் போய், வங்கி வழக்குப் போட்டு வீட்டைப் பிடித்து வைத்திருக்கும். ஏலத்துக்கு நாளும் குறித்தாயிற்று. அந்த நாளுக்கு முன் யாராவது கடன் தொகையைவிடக் குறைந்த விலைக்கு வாங்க வந்தால், வருகிறதை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட வங்கி சம்மதிக்கும். இத்தாலியனில் சால்தோ எ ஸ்த்ரால்ச்சோ என்பார்கள். நாம் அலுவலகத்தில் ‘வெட்டி முடிக்கிறது’ என்று சொல்வோம். விலை நல்ல விலையாக இருக்கும். கெதியாக முடிகிற மாதிரியும் தெரியும். தெரியும் என்றுதான் எழுதியிருக்கிறேன். ஏனென்றால் இங்கே மூன்று பேர் ஓம் சொல்ல வேண்டும். விற்கிறவர் ஒன்று, வங்கி இரண்டு, அந்த மனிதரிடம் காசு வர இருக்கிற மற்ற எவராவது வழக்குக்குள் நுழைந்திருந்தால் அவர் மூன்று. அந்த மூன்றாவது ஆளை நான் மறந்த கதை இது.

ஒரு ஜனவரியில் அன்ரன் வந்தான். மன்னார்க்காரன், ஐந்து கட்டடங்களுக்குப் படிக்கட்டுத் துடைக்கிறவன். கதிரை நுனியில் உட்கார்ந்து தொப்பியைக் கையில் திருகிக்கொண்டே இருந்தான்.

“அக்கா, ஒரு வீடு வேணும். ஜூனுக்கு முன்னம்.”

“அதென்ன தம்பி ஜூன் கணக்கு?”

“மகளுக்கு ஜூன் நடுவிலை பதினெட்டு முடியுது. அதுக்குப் பிறகு பிள்ளையெண்டு இஞ்சை கூப்பிட ஏலாதாம். வீடு காட்டினால்தான் கேஸ் போடலாமெண்டு எல்லாரும் சொல்லுகினம்.”

மகள் பெயர் ஷெறின். நாலு வயதில் மன்னாரில் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். பதின்மூன்று வருடம். இங்கே அன்ரன் இன்னும் மூன்று ஆண்களோடு ஓர் அறையில் கட்டில் வாடகைக்கு இருந்தான். மனைவி றெஜினா ஒரு வயதான சிஞ்ஞோராவை, இத்தாலிய அம்மாவை, பார்த்துக்கொண்டு அந்த வீட்டிலேயே படுத்தாள். புருசனும் பெண்சாதியும் சந்திப்பது வியாழன் மத்தியானமும் ஞாயிறு பூசையும்தான். காட்ட ஒழுங்கான வீடு இல்லை, அதனால் இத்தனை வருடமும் பிள்ளையைக் கூப்பிட முடியவில்லை. இப்போது கடைசி ஐந்து மாதம்.

அவன் சொன்ன எல்லாவற்றிலும் என் காதில் விழுந்தது ஒரு சொல்தான், வீடு. வீடு விற்கிறவளின் காதுக்கு வேறு எது கேட்கும்? அடுத்த நாளே தேடத் தொடங்கிவிட்டேன்.

பக்கத்து ஊரான பகேரியாவில் புகையிரத நிலையத்துக்குக் கிட்ட, மூன்றாம் மாடியில், இரண்டு அறையும் குசினியும் உள்ள ஒரு வீடு கிடைத்தது. சொந்தக்காரர் பெயர் தூரி. உடுப்புத் தோய்க்கும் கடை வைத்திருந்து மூடினவர். தனி ஆள். கடனை எடுத்த நாளிலிருந்தே நித்திரை இல்லாத முகம். அன்ரனையும் றெஜினாவையும் கூட்டிக்கொண்டு போனேன். நான் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, றெஜினா அந்த மனிதரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா, இவர் எங்கை போவார்?”

“அது அவற்றை பாடு, றெஜினா.”

“இல்லை, கேட்டுச் சொல்லுங்கோ. அழுதுகொண்டு போற ஆக்களின்ரை வீடு எனக்கு வேண்டாம். நாங்களும் அப்பிடி வெளிக்கிட்ட ஆக்கள்தானே.”

கேட்டேன். தூரி தான் தங்கையிடம் போவதாகவும், ஏலத்தில் தன் வீட்டை யாரோ முகம் தெரியாதவன் எடுப்பதைவிட இவர்கள் எடுப்பது நிம்மதி என்றும் சொன்னார். சொல்லிவிட்டு அழுதார். றெஜினாவும் அழுதாள். ஒரு வீட்டு வியாபாரத்தில் வாங்குகிறவரும் விற்கிறவரும் சேர்ந்து அழுவதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிய இவர்கள் இரண்டு பேரும் பகேரியாவுக்கு ரெயில் ஏறி, அவருக்குச் சோறும் மீன்குழம்பும் கொண்டுபோனார்கள். உறைப்பு உறைப்பு என்று சொல்லிக்கொண்டே சட்டியை வழித்துச் சாப்பிடுவாராம்.

ஏப்ரல் கடைசியில் வங்கியின் கடிதம் வந்தது. விலைக்குச் சம்மதம், மே முடிவதற்குள் உறுதி, அதாவது விற்பனைப் பத்திரம், முடிக்க வேண்டும். கடிதத்தில் உள்ள அந்த நாள்தான் உயிர். நாள் தாண்டினால் கடிதம் வெறும் தாள், திரும்பவும் முதலிலிருந்து கெஞ்ச வேண்டும். உறுதி எழுதுகிற நொத்தாரிசுவிடம் மே கடைசி வாரத்துக்கு நாள் எடுத்தேன். உறுதியைக் கொண்டுபோய் நகரசபையில், அதுதான் கொமூனேயில், வீடு போதுமானது என்ற சான்றிதழ் எடுத்து, பிறந்தநாளுக்கு முன் விண்ணப்பம் அனுப்ப நாட்கள் சரியாக வந்தன. எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

மே முதல் வாரம் றெஜினா அலுவலகத்துக்கு வந்தாள்.

“அக்கா, மே மாசம் மாதாவின்ரை மாசம். ஒரு நாளைக்குப் பால் காய்ச்சி, பாதரைக் கூப்பிட்டு வீட்டை மந்திரிச்சால் எனக்கு மனசாறும். உறுதி முடிச்சாப் பிறகு பேப்பருக்கு ஓடுப்பட்டுத் திரிவம், நேரம் வராது. சிஞ்ஞோர் தூரி கதவுத் திறப்புத் தாறனெண்டு சொல்லிப்போட்டார்.”

அந்த இடத்தில் நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். கடுமையாகச் சொல்லியிருக்க வேண்டும். நம் ஆட்களுக்கு வீடு எப்போது சொந்தமாகிறது என்றால் நொத்தாரிசு முத்திரை குத்தும்போது இல்லை, பால் பொங்கி வழியும்போது. இந்துவானாலும் கத்தோலிக்கரானாலும் அப்படித்தான். அது எனக்குத் தெரியும், என் வீட்டிலும் காய்ச்சினேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை.

“சின்னதாச் செய்யுங்கோ” என்றேன்.

நம் ஆட்களின் சின்னது எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். ஞாயிறு காலை நான் போனபோது மூன்றாம் மாடிக் கதவிலிருந்து முதலாம் மாடி வரை படி படியாகச் சப்பாத்தும் செருப்பும். உள்ளே முப்பது நாற்பது பேர். பாதர் தீர்த்தம் தெளித்தார், பால் பொங்கியது, றெஜினா தூரிக்குத்தான் முதல் கோப்பை கொடுத்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். அந்த நேரம் வாசலில் ஒரு மனிதர் வந்து நின்றார். சுத்தமாகச் சவரம் செய்த முகம், கையில் ஒரு கோப்பு. கீழ்வீட்டுக்காரி செருப்புகளில் தடுக்கி விழப் பார்த்துவிட்டு, கட்டட நிர்வாகிக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறாள். அவர் பக்கத்துத் தெருவில்தான் இருந்தாராம்.

நாங்கள் அவரை விருந்தாளியாக்கிவிட்டோம். யாரோ கதிரை போட்டார்கள், யாரோ பாற்சோறும் கட்டைச் சம்பலும் ஒரு தட்டில் கொண்டுவந்தார்கள். அவர் மரியாதையாகச் சாப்பிட்டார். என்ன விசேசம் என்று கேட்டார். இவர்கள் வீட்டை வாங்குகிறார்கள் என்று சொன்னது நான். ஏலத்திலா என்று கேட்டார். இல்லை, வங்கி குறைத்து எடுக்கச் சம்மதித்துவிட்டது, இந்த மாதமே உறுதி முடிகிறது என்று சொன்னதும் நான். பெருமை. வேறு ஒன்றும் இல்லை. அவர் வாழ்த்துச் சொன்னார், கோப்பியையும் குடித்துவிட்டுப் போனார்.

எட்டாம் நாள் நீதிமன்றத்திலிருந்து அறிவித்தல். தூரி பல வருடமாகக் கட்டடப் பராமரிப்புக் காசு கட்டவில்லை. நிர்வாகி அதற்கான நீதிமன்றக் கட்டளையை எப்போதோ எடுத்து மேசை லாச்சியில் வைத்திருந்திருக்கிறார். ஏலத்தில் வங்கி எடுத்த பிறகு தமக்கு ஒன்றும் மிஞ்சாது என்று பேசாமல் இருந்திருக்கிறார். இப்போது ஏலம் இல்லாமல் விற்கப் போகிறார்கள், எல்லோருடைய சம்மதமும் வேண்டியிருக்கிறது என்று தெரிந்ததும் வழக்குக்குள் நுழைந்துவிட்டார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அவரில் பிழை இல்லை.

அவரோடு பேரம் பேசினேன். கொஞ்சம் இறங்கி வந்தார். அதற்குள் அவருடைய வக்கீலின் இன்னொரு கட்சிக்காரர் நுழைந்தார். தூரிக்குத் தோய்க்கிற இயந்திரம் விற்று முழுக்காசு வராத கம்பெனி. வங்கி தன் பங்கிலிருந்து ஒரு சதமும் விடாது என்றது. அன்ரன் பதின்மூன்று வருடமாகச் சேர்த்தது வீட்டு விலைக்கு மட்டுமட்டு. கடிதத்தில் ஒன்பது நாள் மிச்சம். பிள்ளைக்குப் பதினெட்டாக மூன்றரைக் கிழமை.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று சொல்வார்கள். எனக்குக் கால் ஓடியது. நீதிமன்றத்துக்கும் வங்கிக்கும் பகேரியாவுக்கும் ஓடினேன். ஓடினதில் ஒன்றும் நடக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை தூரியின் உறவினன் ஒருவன் அலுவலகத்துக்கு வந்தான். கட்டட வரைபடம் போடுகிறவன், பளபளக்கிற சப்பாத்து. அவனிடம் ஒரு யோசனை இருந்தது. வழக்கு இருந்தாலும் உறுதி முடிக்கலாம், சட்டத்தில் தடை இல்லை. வழக்கு இருக்கிறது என்று தெரிந்தே வாங்குகிறேன் என்று வாங்குகிறவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். தனக்குத் தெரிந்த நொத்தாரிசு வேறு ஊரில் இருக்கிறார், செவ்வாய்க்கிழமையே செய்யலாம். அன்ரனும் அங்கே இருந்தான். அவனுக்கு இத்தாலியன் நன்றாகப் புரியும், நான் மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை.

அந்த ஆள் போன பிறகு நான் சொன்னேன். “தம்பி, அந்த உறுதி வங்கிக்குச் செல்லாது. ஏலம் நடக்கும். உன்னை ஒரு மனிசனாவே கணக்கெடுக்காமல் வித்துப் போடுவாங்கள். காசும் போம், வீடும் போம்.”

“தெரியும் அக்கா.”

“தெரிஞ்சுமோ?”

“உறுதி கையிலை இருந்தால் கொமூனேக்குக் காட்டலாம்தானே. ஏலம் ஆறு மாசத்துக்குப் பிறகு வரட்டும். அதுக்குள்ளை பிள்ளை வந்திடும். வீடு போனால் போகட்டும்.”

“பதின்மூண்டு வருசத்து உழைப்படா.”

“பிள்ளையை விட்டிட்டு வந்தும் பதின்மூண்டு வருசம் அக்கா.”

அவன் பைத்தியக்காரத்தனமாகப் பேசவில்லை, அதுதான் சங்கடம். அவன் கணக்கில் பிழை இல்லை. சட்டத்திலும் தடை இல்லை. சனி, ஞாயிறு யோசித்துத் திங்கள் சொல்கிறேன் என்று அவனை அனுப்பிவிட்டேன். அவன் திங்கள் என்ன சொன்னாலும் செவ்வாய் போய்க் கையெழுத்துப் போடுவான் என்று தெரிந்தது.

பொலிதேயாமாவிலிருந்து கடற்கரை வரை நடந்தேன். திரும்பி வந்தேன். வீட்டில் இவர், என் புருசன், “நீர் ஒரு இடத்திலை இரும். எனக்குத் தலை சுத்துது” என்றார். இருக்க முடியவில்லை. நம் நொத்தாரிசுவின் அலுவலகத்தில் வேலை செய்கிற சிஞ்ஞோராவுக்குத் தொலைபேசி எடுத்தேன். உங்களுக்கும் அவரைத் தெரியும், ஒரு சொல்லும் மிகையாகப் பேசமாட்டார். பெயர் எழுத விடமாட்டார், அதனால் எழுதவில்லை. இந்தத் தொழிலில் நான் கற்றதில் பாதி அவர் எரிந்து விழுந்ததிலிருந்து கற்றது. சனிக்கிழமையில் கூப்பிட்டதற்கும் எரிந்து விழுந்தார். பிறகு முழுக்கக் கேட்டார்.

“அந்த மனிதனுக்கு என்ன வேண்டும்?”

“வீடு.”

“எதற்கு?”

“மகளைக் கூப்பிட. எத்தனை தரம் சொல்வது?”

“மகளைக் கூப்பிட அவனுக்குச் சொந்த வீடு வேண்டும் என்று யார் சொன்னது?”

எல்லோரும் சொன்னார்கள், அவனே சொன்னான் என்றேன். “நீ கேட்டுப் பார்த்தாயா?” என்றார். எனக்குக் கோபம் வந்து வைத்துவிட்டேன். கோபம் அவர் மேல் இல்லை.

திங்கள் காலை கதவு திறக்க முன்பே கொமூனேக் கந்தோர் வாசலில் நின்றேன். யன்னலில் இருந்தவர் சலிப்போடு சொன்னார். வீடு யாருடையது என்பது அவர்களுக்கு முக்கியமில்லை. எத்தனை அறை, எத்தனை பேர், காற்று வெளிச்சம் இருக்கிறதா என்று பார்த்துச் சான்றிதழ் தருவார்கள். பெற்றோர் இன்னொருவர் வீட்டில் இருந்தாலும் சரி, வரப்போகிற பிள்ளையும் சேர்ந்து இருக்கலாம் என்று வீட்டுக்காரர் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதோடு விண்ணப்பம் அனுப்பலாம். அந்தப் படிவத்தை இரண்டு விரலால் தள்ளி என் பக்கம் வைத்தார். ஒரு பக்கத் தாள்.

அங்கே சுவரோரம் ஒரு வாங்கு இருந்தது. அதில் உட்கார்ந்துவிட்டேன். ஜனவரியில் இந்த யன்னலுக்கு ஒரு தரம் வந்திருந்தால் போதும். ஐந்து மாதமாக ஒரு பிள்ளையின் வாழ்க்கையை வைத்துக்கொண்டு நான் வீடு விற்றுக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கம் என்று சொன்னால் போதாது. என் கன்னத்தில் நானே அறைய வேண்டும் போல இருந்தது.

அழுவதற்கு நேரம் இல்லை, ஒப்பந்தத்தோடு வாடகை வீடு தேடவும் நேரம் இல்லை. யார் கையெழுத்துப் போடுவார்கள் என்று ஓடினேன். றெஜினா வேலை செய்கிற சிஞ்ஞோராவின் பிள்ளைகள் மாட்டோம் என்றார்கள். சொந்த வீடு உள்ள நம் ஆட்கள் மூன்று பேரைக் கேட்டேன், மூன்று பேரும் பால் காய்ச்சிய அன்று பாற்சோறு சாப்பிட்டவர்கள். ஒருவர் வீட்டுக்கு ஊரிலிருந்து மாமி வர இருந்தார். ஒருவர் வரி கூடும் என்றார். மூன்றாமவர் உண்மையைச் சொன்னார்.

“அக்கா, நீங்கள்தானே எங்களுக்குச் சொல்லித் தந்தனீங்கள். ஆற்றை பேரையும் வீட்டிலை பதிய விட்டிடாதேங்கோ, பிறகு எழுப்ப ஏலாதெண்டு.”

ஓம், நான்தான் சொன்னேன். வீடு வாங்கிக் கொடுத்த ஒவ்வொருவருக்கும் திறப்பைக் கையில் வைத்து அதைச் சொல்லித்தான் அனுப்புவேன். நல்ல ஆலோசனை. நீங்களும் சொல்லுங்கள். ஆனால் அன்றைக்கு ஊர் முழுக்க என் சொந்தக் குரல் கதவைச் சாத்திக்கொண்டு நின்றது.

மத்தியானம் வீட்டுக்குப் போனேன். இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே முழுவதையும் சொன்னேன்.

“நீர்தானே சொல்லுவீர், அலுவலை வீட்டுக்குள்ளை கொண்டு வரக்கூடாதெண்டு.”

“ஓம்.”

“எத்தினை பேர்?”

“பிள்ளையோடை மூண்டு.”

அவர் கையைக் கழுவிவிட்டு, லாச்சியில் இருந்து அளவு நாடாவை எடுத்துக்கொண்டு சின்ன அறைக்குள் போனார். சுவருக்குச் சுவர் பிடித்து அளந்து, “ஒரு முனையைப் பிடியுமன்” என்று என்னைக் கூப்பிட்டார். இந்த மனிதரைக் கட்டினதற்காக நான் கடவுளுக்கு நன்றி சொன்ன நாட்கள் அதிகம் இல்லை, அது ஒன்று.

பின்னேரம் அன்ரனும் றெஜினாவும் அலுவலகத்துக்கு வந்தார்கள். நல்ல செய்தி சொல்கிறேன் என்ற நினைப்பில், இவர் கையெழுத்துப் போட்ட படிவத்தை மேசையில் விரித்தேன். அன்ரனின் முகம் கறுத்துவிட்டது.

“மற்றவை வீட்டிலை இருந்துகொண்டோ என்ரை பிள்ளையைக் கூப்பிடச் சொல்லுறியள்?”

“அவசரத்துக்குத்தானே தம்பி.”

“பதின்மூண்டு வருசமா ஒவ்வொரு கிழமையும் போனிலை சொல்லுறன் அக்கா, அப்பா உனக்கொரு வீடு வைச்சிருக்கிறன் வா எண்டு. வந்திறங்கி ஆற்றையோ கதவைத் தட்டுறதோ? அதுக்கு நான் நாளைக்கே போய்க் கையெழுத்துப் போடுறன்.”

எழுந்துவிட்டான். அவன் மேல் எனக்கு எரிச்சல் வரவில்லை. அவனுக்கு வீடு வேண்டும் என்பதும் உண்மை, மகள் வேண்டும் என்பதும் உண்மை. இரண்டையும் ஒரு சொல்லாக்கி இத்தனை வருடம் சுமந்திருக்கிறான். நான் அதைப் பிரிக்கச் சொன்னால் அவனுக்கு நோகும்தான். என்ன சொல்வதென்று தெரியாமல் நான் அலுவலகத்துக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். அப்போது றெஜினா வாயைத் திறந்தாள். சத்தமாகச் சொல்லவில்லை.

“நான் பதின்மூண்டு வருசமா மற்றவை வீட்டிலைதானே படுக்கிறன், அன்ரன்.”

அன்ரன் கதிரையை இழுத்தான். பிறகு திரும்பவும் உட்கார்ந்தான். படிவத்தில் தன் பெயரை எழுதினான்.

அதற்குப் பிறகு நடந்தது ஓட்டம். ஒருவர் வந்து அறைகளை அளந்துவிட்டுப் போனார். நான் தினமும் அந்த யன்னலுக்குப் போய் நின்றேன். கடைசியில் என்னைக் கண்டாலே அந்த மனிதர் பெருமூச்சு விடுவார். சான்றிதழ் கிடைத்த அன்றே விண்ணப்பத்தை அனுப்பினோம். ஷெறினுக்குப் பதினெட்டாக ஐந்து நாள் இருந்தது; அனுப்பிய நாளின் வயதுதான் கணக்கு.

பகேரியா வீடு ஏலத்தில் போயிற்று. யார் எடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. தூரி தங்கையிடம் போய்விட்டார். போகும்போது அன்ரனுக்கு ஒரு நல்ல இஸ்திரிப்பெட்டி கொடுத்துவிட்டுப் போனார். நம் அலுமாரியில் அந்தக் கோப்பு ‘முடியவில்லை’ என்ற அடுக்கில் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை அந்த உறுதியை முடித்திருந்தால் அது ‘முடிந்தது’ அடுக்கில் இருந்திருக்கும். தரகுப் பணமும் வந்திருக்கும்.

உங்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். வெட்டி முடிக்கிற வீட்டில் வங்கி ஓம் என்றதும் துள்ளாதீர்கள், வேறு யாருக்குக் காசு வர இருக்கிறது என்று முதல் வாரமே போய்ப் பாருங்கள், கட்டட நிர்வாகியை எல்லோருக்கும் முதல் பாருங்கள். உறுதி முடியாமல் எவராவது பால் காய்ச்சப் போகிறோம் என்றால் அடுப்பைப் பறித்துக்கொண்டு வாருங்கள். ஆனால் அதெல்லாவற்றுக்கும் முன்னால், உங்கள் மேசைக்கு முன் வந்து ஒருவர் வீடு வேண்டும் என்று சொன்னால், எதற்கு என்று கேளுங்கள். பதில் வந்த பிறகு திரும்பவும் ஒரு தரம் கேளுங்கள். வீடு விற்கிற நமக்கு அந்தக் கேள்வி தானாக வராது.

விண்ணப்பம் முடிந்து விசா வர மாரிகாலம் வந்துவிட்டது. அதற்குள் அன்ரனும் றெஜினாவும் எங்கள் சின்ன அறைக்கு வந்து ஆறு மாதமாகியிருந்தது. ஷெறின் வருகிற அன்று இரண்டு பேரும் விமான நிலையத்துக்குப் போனார்கள். நான் வீட்டில் நின்றேன். குசினிக்கும் வாசலுக்குமாக எத்தனை தரம் நடந்தேன் என்று தெரியாது. மணி அடித்ததும் நானே கதவைத் திறந்தேன். மெலிந்த பிள்ளை, தாயின் நெற்றி, தகப்பனின் கண். வாசலில் நின்று சப்பாத்தைக் கழற்றினாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். கதவில் எழுதியிருந்த என் புருசனின் பெயரையும் பார்த்தாள். பிறகு தகப்பன் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டாள்.

“அப்பா, இதுவோ எங்கடை வீடு?”

அன்ரன் பெட்டியைப் பிடித்தபடி நின்றான். றெஜினா நிலத்தைப் பார்த்தாள்.

“ஓம் பிள்ளை” என்றேன். “உள்ளை வா.”